சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று

ஜனவரி 22, புதன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. இரைப்பையில் புற்றுநோய்.

என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டர் சொல்லிவிட்டார். ரெஹானா என்று பெயர். என் மகள் தேன்மொழி வயதுதான் இருக்கும். அவர் முன்னால் வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அந்தப் பெண் கண்டுகொள்ளவே இல்லை. "நோய் அவருக்கும்மா, அவருக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கிராம சுகாதார நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யாரிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சித்திரைத் திருவிழாவுக்குக் கடை போட முடியுமா டாக்டர்?"

கீழவாசல் பக்கம் எங்கள் ஜிகர்தண்டா கடையைத் தெரியாதவர்கள் குறைவு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும் இதைக் கேட்கிற இடமா அது? ஆட்டோவில் வரும்போது திட்டினேன். "பின்னே என்னா கேக்கச் சொல்ற?" என்றார்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். இரண்டு வாய் இறங்கியது. பயமாக இருக்கிறது. அதை எழுதிவைக்கத்தான் இந்த டைரி. வேலை பார்த்த காலத்து எழுதும் பழக்கம், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 30, வியாழன்

ஸ்கேனில் வேறு எங்கும் பரவவில்லை. முருகா. ஆனால் கட்டி பெரிது, ரத்தக்குழாய் ஒன்றை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போதே கத்தி வைக்க முடியாது என்று ஆபரேஷன் டாக்டர் கையை விரித்துவிட்டார். முதலில் மருந்து கொடுத்துச் சுருக்க வேண்டும். சுருங்கினால்தான் ஆபரேஷன். ஆபரேஷன் நடந்தால்தான் ஆள் பிழைப்பார். இவ்வளவுதான் கணக்கு.

மருந்தில் இரண்டு வழி சொன்னாள் ரெஹானா. ஒன்று, நாலு மருந்தைச் சேர்த்து டிரிப்பில் ஏற்றுவது. வேகமானது, உடம்பையும் அதே வேகத்தில் புரட்டிப் போடும். இன்னொன்று, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு டிரிப், மீதி வீட்டில் மாத்திரை. என் கொழுந்தன் முத்திருள், "பேப்பர்ல போட்டுருக்கானே டாக்டர், புது ஊசி, அது போட முடியாதா?" என்று கேட்டான். அவள் கோபப்படவில்லை. அந்த ஊசிகள் சில வகைக் கட்டிக்குத்தான் பிடிக்கும், அதற்காகத்தான் சதையை இரண்டு மூன்று சோதனைக்கு அனுப்பினோம், உங்கள் அண்ணனுடைய கட்டி அந்த வகை இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள்.

ரத்தம் குறைந்து எலும்பும் தோலுமாக இருக்கிற ஆளுக்கு இரண்டாவது வழிதான் தோது என்பது அவள் கருத்து. அவரும் அதற்கே தலையாட்டினார். "மாத்திரைன்னா கவலையில்ல டாக்டர். இவ குடுத்தா நான் என்னா ஏதுன்னு கேக்காம முழுங்கிருவேன்." எல்லோரும் சிரித்தோம். உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து என் உள்ளங்கையில் எது இருந்தாலும் அவர் வாயைத் திறந்துவிடுவார்.

"பிரஷர் மாத்திரை தவிர வேற ஏதாச்சும் எடுக்கிறாரா?" என்றாள் டாக்டர். இல்லை என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

முதல் டிரிப். ரத்தமும் ஏற்றியிருந்தார்கள். ஹீமோகுளோபின் பத்துக்கு வந்துவிட்டது, போதும் என்றார்கள். என்ன போதும்? நான் வேலை பார்த்த சப்-சென்டரில் ரத்தம் வெறும் பத்தோடு ஒருத்தியைப் பிரசவத்துக்கு அனுப்பியிருப்பேனா? வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, சத்து மாத்திரையை அவள் முழுங்கி முடிக்கும்வரை வாசலை விட்டு நகர மாட்டேன்.

வரும் வழியில் மெடிக்கலில் வாங்கிக்கொண்டேன். இரும்புச்சத்து சிவப்பு ஒன்று, போலிக் ஆசிட் மஞ்சள் ஒன்று. காலையும் இரவும்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் குழாயைத் திறந்தவர் அலறிவிட்டார். தண்ணீர் பட்டதும் விரலில் ஊசி குத்துகிறதாம். குளிர்ச்சியே ஆகாது, அந்த டிரிப் மருந்தின் குணம் அது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

"வாழ்நாள் பூரா ஐஸை அள்ளுன கை. பச்சைத் தண்ணி சுடுதுங்கிறேன்" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கொழுந்தன் பெண்டாட்டி தூக்குவாளியில் கஷாயம் கொண்டுவந்தாள். முள்சீத்தா இலையாம். யாருக்கோ கட்டி கரைந்தே போய்விட்டதாம். அவள் கண் முன்னாலேயே கழுவுத் தொட்டியில் கொட்டினேன். "டாக்டர் சொல்லாத எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. அவரு உடம்பு என்ன ஆராய்ச்சிக் கூடமா?" என்று பிடித்துக்கொண்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

மாவு அரைத்தேன். இரண்டு இட்லி சாப்பிட்டார். கீமோ மாத்திரை, அதோடு சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று.

பிப்ரவரி 17, திங்கள்

வாயெல்லாம் புண். தயிர்சாதம்கூட எரிகிறது. உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. தேன்மொழி கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் அழைத்தாள். கையைக் காட்டவேண்டாம் என்று சைகை செய்தேன். அவர் காட்டிவிட்டார். அழுதாள், அப்புறம் அவளே, "அம்மா இருக்கைல எனக்கென்ன பயம்" என்று தேற்றிக்கொண்டாள்.

பிப்ரவரி 26, புதன்

இரண்டாவது டிரிப். வாயைப் பார்த்துவிட்டு டாக்டருக்கு முகம் மாறியது. "முதல் சுத்துலயே இவ்வளவு வரக் கூடாதே" என்று மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினாள். மறுபடியும் அதே கேள்வி. வேறு மாத்திரை, நாட்டு மருந்து, கஷாயம்?

"அதையெல்லாம் வாசலோட திருப்பி அனுப்பிருவேன் டாக்டர்" என்றேன். முள்சீத்தா கதையைச் சொன்னேன். "எல்லார் வீட்லயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா எங்க வேலை பாதி" என்றாள். இந்தப் பெண்ணை இப்போது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மார்ச் 5, புதன்

அளவைக் குறைத்தும் பயன் இல்லை. வயிற்றுப்போக்கு. முருங்கைக்கீரையை வடிகட்டி சூப்பாகக் கொடுத்தேன், நிற்கவில்லை. பலவீனம் ஏற ஏற நானும் சத்து மாத்திரையை விடாமல் கொடுக்கிறேன். ரத்தம் இருந்தால்தானே உடம்பு தாங்கும்.

மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்தார். இரும்புச்சத்து சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். "ஒண்ணுமில்லங்க" என்றேன்.

மார்ச் 8, சனி

எழுந்திருக்க முடியவில்லை. நாக்கு வறண்டு கண் உள்ளே போய்விட்டது. முத்திருள் காரை எடுத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். கீமோ மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துக் கட்டியிலிருந்து ரத்தம் கசிகிறதோ என்று மறுபடியும் வாய் வழியாக இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண்ணான தொண்டைக்குள் குழாய். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கசிவு எதுவும் இல்லை. பின்னே ஏன் கறுப்பு என்று பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

வார்டு நர்ஸ் ஜெசிந்தா நல்ல பெண். நானும் நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்ததும் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். வார்டில் கொடுத்த மருந்தோடு நம்முடையதையும் கொடுத்தேன். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று.

மார்ச் 11, செவ்வாய்

பக்கத்துக் கட்டிலில் ஒரு வாத்தியார். அவருக்கும் இரைப்பைதான், அவருக்கு அந்த நாலு மருந்து டிரிப். ஜெசிந்தா ஒவ்வொரு பாட்டிலாக மாட்டிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டிலைக் காட்டி, "இது கீமோ இல்லக்கா, சத்து மருந்து" என்றாள்.

"சத்து மருந்து எதுக்கு இதுல?"

"நம்ம போலிக் ஆசிட் இருக்குல்லக்கா, அதோட பங்காளி. இது கூடப் போனாத்தான் அடுத்து வர்ற கீமோ மருந்து நல்லாப் பிடிக்கும். பலத்த ஏத்திவிடும். அதான் அளந்து போடுறோம், கூடிருச்சுன்னா வாயி, வயிறு எல்லாம் வெந்துபோகும்."

"அந்த அடுத்த மருந்து என்னது?"

"உங்க வீட்டுக்காரரு மாத்திரையா சாப்புட்டாருல்ல, அதே சாதிதான். இது ஊசி, அது மாத்திரை."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் கைப்பையைத் திறந்து மஞ்சள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

இட்லி வாங்கிவந்தேன். துணி துவைத்தேன். வெயில் கடுமை.

கைப்பையில் இருந்த இரண்டு அட்டையையும் ஆஸ்பத்திரி வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். இனிமேல் கொடுக்கப்போவதில்லை. முடிந்தது. தானாகச் சரியாகிவிடும். இதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 13, வியாழன்

காலையில் ரெஹானா என்னையும் முத்திருளையும் தனியே அழைத்தாள். சிலர் உடம்பில் இந்த மருந்தை உடைத்து வெளியே தள்ளும் சக்தி பிறவியிலேயே குறைவாம். அளவைக் குறைத்தும் இந்தப் பாடு பட்டதால் அவரும் அந்த ரகமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

"அப்படின்னா இந்த மருந்து இனி ஆயுசுக்கும் கூடாது. அந்த நாலு மருந்து டிரிப்லயும் இதோட ஊசிதான் இருக்கு. அதனால ரெண்டு வழியுமே அடைஞ்சுபோச்சு. ரத்தத்த ஒரு டெஸ்டுக்கு அனுப்பலாம். ஆனா அதுல ஒண்ணுமில்லன்னு வந்தாலும் இவரு பட்டதப் பாத்த பெறகு எனக்குத் திரும்பக் குடுக்கத் தைரியம் வராது."

"வேற மருந்து?" என்றான் முத்திருள்.

"இருக்கு. ஆனா அத மட்டும் குடுத்து ஆபரேஷன் பண்ற அளவுக்குச் சுருங்கும்னு நம்பிக்கை இல்ல. நாளைக்கு எங்க மீட்டிங். அதுல முடிவு பண்ணுவோம்."

முத்திருள் அங்கேயே உடைந்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் கையைப் பற்றிக்கொண்டு ரெஹானா சொன்னாள், "நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்க முடியாதும்மா. இது உடம்போட குணம், யாரு மேலயும் தப்பில்ல."

அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

மார்ச் 13, மாலை

மாத்திரையை நான் நிறுத்திவிட்டால் மட்டும் போதாது. நான் சொல்லாவிட்டால் பழி அவர் உடம்பின் மேல் விழும். இல்லாத குறையை அவர் உடம்புக்கு எழுதி, அவரைப் பிழைக்கவைக்கும் மருந்தைப் பூட்டிவைத்துவிடுவார்கள்.

சொன்னால் என்ன ஆகும்? ஜெசிந்தா அக்கா என்று கூப்பிட மாட்டாள். தேன்மொழிக்குத் தெரியும். முள்சீத்தாக்காரிக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்.

எத்தனை வாசலில் நின்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ரவுண்ட்ஸ் வந்தார்கள். ரெஹானா, பயிற்சி டாக்டர்கள், ஜெசிந்தா, எல்லோரும் இருந்தார்கள். டாக்டர் அறைக்குப் போய்த் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். ரெஹானா எங்கள் கட்டிலைத் தாண்டி நகர்ந்ததும் பயம் வந்துவிட்டது, அங்கேயே வாயைத் திறந்துவிட்டேன்.

"டாக்டர், ஒரு நிமிஷம். இவருக்கு நான் இரும்புச்சத்து மாத்திரையும் போலிக் ஆசிட் மாத்திரையும் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

திரும்பினாள். "எப்ப இருந்து?"

"முதல் டிரிப் போட்ட அன்னிக்கே."

"போலிக் ஆசிட் எவ்வளவு?"

"அஞ்சு மில்லிகிராம். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

கையிலிருந்த பேனாவை மூடினாள். "நான் கேட்டேன்லம்மா? ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

"கேட்டீங்க. அதை நான் மாத்திரைன்னு நெனைக்கல. சத்துன்னு நெனச்சேன்."

"நீங்க நர்ஸா இருந்தவங்க!"

"நர்ஸா இருந்ததாலதான் குடுத்தேன்" என்றேன்.

வார்டே பார்த்தது. வாத்தியார் மனைவி சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். கோபத்தில் ரெஹானாவின் மூக்கு சிவந்துவிட்டது. "அந்தக் கறுப்பும் இதனாலதானா? வெந்த தொண்டைக்குள்ள குழாய் விட்டோமே!" நான் தலையை ஆட்டினேன். பிறகு அவளே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னிக்கு மீட்டிங்ல ஆபரேஷனே இல்லன்னு முடிவு எழுத இருந்தோம். நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. டெஸ்டும் அனுப்பறேன். அதுலயும் ஒண்ணுமில்லன்னா, உடம்பு தேறினதும் சின்ன அளவுல மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 16, ஞாயிறு

பேசவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். முத்திருளிடம் பேசுகிறார். தேன்மொழியிடம் போனில் பேசுகிறார். கடைக்குப் பாதாம் பிசின் ஊறப்போட்டாயிற்றா என்று கேட்கிறார். என்னிடம் இல்லை. திட்டினால்கூடத் தேவலை. கஞ்சியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகிறேன்.

மார்ச் 20, வியாழன்

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரஷர் மாத்திரையை நீட்டினேன். வாங்கினார். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்னா?"

இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை.

"பிரஷர் மாத்திரைங்க."

"பேரு என்னா?"

பேரைச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். டாக்டர் எழுதினதா என்று கேட்டார். சீட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அப்புறம்தான் விழுங்கினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உள்ளே போய்ச் சட்டியைப் போட்டு உருட்டினேன். அழுதேன்.

மத்தியானம் அவராகவே ஆரம்பித்தார். "நீ குடுத்தத நான் கேக்காம முழுங்குனேன். அது உனக்கு நான் செய்ற மரியாதைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மரகதம். ஒரு வார்த்த கேட்டிருந்தா, நீ டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டிருப்ப. எனக்கும் அதுல பங்கு இருக்கு. இனிமே கேப்பேன். நீ கோவிச்சுக்கக் கூடாது."

கோவிச்சுக்க மாட்டேன் என்றேன். கோவிச்சுக்கொண்டுதான் இருக்கிறேன், என் மேல்.

ஏப்ரல் 2, புதன்

டெஸ்டில் ஒரு குறையும் இல்லை. சின்ன அளவில் மறுபடி டிரிப், மறுபடி மாத்திரை. ரெஹானா என்னிடம் இன்னும் பழையபடி சிரிக்கவில்லை. பையைத் திறந்து மேஜையில் கொட்டச் சொன்னாள். கொட்டினேன். இப்போது எல்லா வீட்டாரையும் கொட்டச் சொல்கிறாளாம். வாத்தியார் மனைவி பையிலிருந்து நாலு புட்டி டானிக் வந்ததாக ஜெசிந்தா சொன்னாள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

வாயில் புண் இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், புண் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

லேசான தோல் உரிதல், அவ்வளவுதான். இரண்டு தோசை சாப்பிட்டார். மாத்திரைக்கு மாத்திரை கேள்வி. சில நேரம் வேண்டுமென்றே கேட்கிறார், என் முகம் போகிற போக்கைப் பார்க்க.

மே 8, வியாழன்

ஸ்கேன். உள்ளே கூப்பிடும்வரை புடவை முந்தானையைத் திருகித் திருகி நூல் பிரிந்துவிட்டது.

கட்டி சுருங்கியிருக்கிறது. ரத்தக்குழாயை விட்டு விலகியிருக்கிறது. ஆபரேஷன் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "வெச்சுக்கலாம்" என்றார், கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரி. உறுதி எதுவும் தர முடியாது, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். ரெஹானா சிரித்தாள். கதவு வரை வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். இவர் கடை வாசலில் நாற்காலி போட்டு, கையில் கம்பளி உறையோடு உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் கம்பளி! பார்த்தவர்கள் சிரித்தார்கள். விரல் இன்னும் குளிர்ச்சி தாங்கவில்லை. ஐஸ் பக்கம் போக முடியாததால் வாயாலேயே கடையை நடத்தினார். "ஏப்பா முத்திருளு, சர்பத்தக் கொற, அங்கிட்டுப் பால ஊத்து." முத்திருளுக்கு அழகரைப் பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை.

மே 21, புதன்

ஆபரேஷன் நாள். தியேட்டர் வாசலில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் ஒரு புது நர்ஸ் வந்து அவர் கையில் ஒரு சின்ன மாத்திரையைக் கொடுத்து, ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கச் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார்.

"இது என்னா?"

வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. நான் கொடுத்துப் பழகியதில் அப்படி நாலைந்து உண்டு. அதில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நாக்கு நுனி வரை பேர் வந்துவிட்டது.

"தெரியாதுங்க" என்றேன். "கேட்டுச் சொல்றேன்."

கேட்டேன். மயக்க மருந்துக்கு முன்னால் பதற்றம் குறையக் கொடுப்பது என்று சொல்லி, டாக்டர் எழுதியிருந்ததையும் அந்தப் பெண் காட்டினாள். அவரிடம் வந்து சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு விழுங்கினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.